கேட்டுக்குள்ளே வராத ஆசை

கேள்வி: எனக்கு 52 வயது. கடலூர் முதுநகரில் வீடு. சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஆபரேட்டர் வேலை. 31 வருடமாகச் சிகரெட், நாளைக்கு இருபது. இளைப்பு வந்து டாக்டர் கண்டித்ததால் நிறுத்தி இன்றோடு 19 நாள். நடுவில் 12-ஆம் நாள் நண்பர்களோடு பாண்டிச்சேரி போனபோது, சரக்கு உள்ளே போனதும் இரண்டு அடித்துவிட்டேன். மறுநாளிலிருந்து தொடவில்லை.

ஆனால் விட்ட பிறகுதான் உடம்பு கெட்டுப்போன மாதிரி இருக்கிறது. ராத்திரி தூக்கம் இல்லை. நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம். இருமல் முன்பைவிட அதிகம். காலையில் வயிறு சரியாகப் போவதில்லை. இளைப்புக்குத் தியோஃபிலின் என்று போட்ட மாத்திரை இரண்டு வேளை சாப்பிடுகிறேன். 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் வாங்கிப் பார்த்தேன், விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். டீ குடித்துக் குடித்தே ஓட்டுகிறேன். கம்பெனிக்குள் தீப்பெட்டி கொண்டுபோக முடியாது, அங்கே எட்டு மணி நேரமும் அவ்வளவாகத் தோன்றுவதில்லை. ஷிப்ட் முடிந்து கேட்டை விட்டு வெளியே வந்தால் கால் தானாகப் பெட்டிக்கடைக்குப் போகிறது.

வீட்டில் எரிந்து எரிந்து விழுகிறேன். “நீங்க பேசாம பழையபடியே பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கலாம்” என்று மனைவியே சொல்லிவிட்டாள். ஒரே அடியாக விட்டால் உடம்புக்கு ஆகாது, நாளைக்கு இரண்டு என்று வைத்துக்கொள் என்கிறார் ஒரு நண்பர். இந்த வயதில் விட்டு என்ன ஆகப்போகிறது டாக்டர்? இந்த ஆசை என்றைக்காவது போகுமா?

பதில்:

ஐயா, ஆசையைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் அந்த மாத்திரை.

சிகரெட் புகையில் இருக்கும் தாரில் சில ரசாயனங்கள் உண்டு. அவை கல்லீரலைத் தட்டி எழுப்பி, சில மருந்துகளை வழக்கத்தைவிட வேகமாகக் கரைத்து வெளியேற்ற வைக்கும். தியோஃபிலின் அப்படிப்பட்ட மருந்து. புகைக்கிறவருக்குக் கொடுக்கிற அளவு, புகைக்காதவருக்குக் கூடுதலாகப் போய்விடலாம். நீங்கள் சிகரெட்டை நிறுத்தினீர்கள். ஒன்றிரண்டு வாரத்தில் கல்லீரல் தன் இயல்பான வேகத்துக்குத் திரும்பியிருக்கும். மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே உள்ளே போய்க்கொண்டிருக்கிறது, உடம்பில் முன்பைவிட அதிக நேரம் தங்குகிறது. படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை எல்லாமே இந்த மருந்து அளவு மீறும்போது வருகிறவைதான்.

டீயில் இருக்கும் காஃபினும் கல்லீரலில் அதே வழியாகத்தான் கரைகிறது. சிகரெட் பிடித்த காலத்தில் ஏழெட்டு டீ குடித்தும் படுத்ததும் தூங்கியிருப்பீர்கள். இப்போது அதே ஏழெட்டு டீ ஏறக்குறைய இரண்டு மடங்கு வேலை செய்யும். எத்தனை டீ என்று நீங்கள் எழுதவில்லை, ‘குடித்துக் குடித்தே’ என்று எழுதியிருப்பதை வைத்து நானாக ஒரு கணக்குப் போட்டேன். எத்தனையாக இருந்தாலும் இன்றே பாதியாக்குங்கள். எந்த ஷிப்டாக இருந்தாலும், படுக்கும் நேரத்துக்கு ஆறு மணி நேரம் முன்பு கடைசி டீ முடிந்திருக்கட்டும்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம், இளைப்பு கூடிவிடும். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் அட்டையோடு போய், “இன்ன தேதியிலிருந்து சிகரெட்டை விட்டுவிட்டேன்” என்று சொல்லுங்கள். அளவை மாற்றுவதா, மருந்தையே மாற்றுவதா என்று அவர் பார்த்துக்கொள்வார். சிகரெட்டை விடு என்று கண்டிக்கிற நாங்கள், விட்டவர் திரும்பி வரும்போது மருந்தின் அளவைச் சரிபார்க்க மறந்துவிடுவது உண்டு. அது எங்கள் பக்கத்துக் குறை.

அப்படியே ஒரு ஈசிஜியும் எடுத்துவிடுங்கள். 52 வயது, 31 வருடப் புகை, இப்போது படபடப்பு. மாத்திரைதான் காரணம் என்று கடிதத்தை மட்டும் படித்துவிட்டு நான் அடித்துச் சொல்லக் கூடாது. நெஞ்சில் அழுத்தமோ வலியோ வந்தாலும், தொடர்ந்து வாந்தி, துடிப்பு மிக வேகமாக ஓடுவது, வலிப்பு என்று ஏதாவது வந்தாலும் மறுநாள் என்று தள்ளாமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

அடுத்தது இருமல். காற்றுக்குழாயின் உள்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் இருக்கின்றன. சளியையும் தூசியையும் மேலே தள்ளிக்கொண்டு வருவது அவற்றின் வேலை. புகை அவற்றை மழுங்கடித்து வைத்திருந்தது. இப்போது அவை மறுபடி வேலையைத் தொடங்கி, கிடந்த குப்பையையெல்லாம் வாரிக்கொண்டு வருகின்றன. அதனால் விட்ட புதிதில் சிலருக்கு இருமல் கூடுவது உண்டு. உங்களுக்கும் அதுவாகவே இருக்கலாம். இருந்தாலும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் எந்த இருமலுக்கும் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது நம் நாட்டுக் காசநோய்த் திட்டத்தின் விதி. புகைப்பவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பும் அதிகம். அரசு மருத்துவமனையில் இந்தப் பரிசோதனை இலவசம். நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். சளியில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, குரல் கம்மல் இருந்தால் இன்னும் சீக்கிரம் போக வேண்டும்.

வயிறு விஷயம் எளிது. காலையில் முதல் சிகரெட்டோடுதானே கழிவறைக்குப் போவீர்கள்? நிகோடின் குடலை அசைக்கும், உங்கள் குடல் அதற்காகவே காத்திருக்கப் பழகிவிட்டது. எழுந்ததும் ஒரு செம்பு வெதுவெதுப்பான தண்ணீர், ராத்திரி இரண்டு பூவன் பழம், தினமும் கீரை. சில வாரத்தில் அதுவே வழிக்கு வந்துவிடும்.

சரி, இப்போது ஆசைக்கு வருவோம்.

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு வரி எனக்கு முக்கியமாகப் பட்டது. கம்பெனிக்குள் எட்டு மணி நேரமும் அவ்வளவாகத் தோன்றுவதில்லை என்கிறீர்கள். நாளைக்கு இருபது சிகரெட் பிடித்த காலத்திலும் இது இப்படித்தானே இருந்தது? லீவு நாளில் வீட்டில் முக்கால் மணிக்கு ஒன்று கேட்ட அதே உடம்பு, ஷிப்டில் எட்டு மணி நேரம் சும்மா இருந்தது. நிகோடின் ரத்தத்தில் இரண்டு மணி நேரத்துக்கொரு முறை பாதியாகக் குறையும். அந்தக் கணக்குப்படி பார்த்தால் ஷிப்டின் ஐந்தாவது, ஆறாவது மணி நேரத்தில் நீங்கள் துடித்துப் போயிருக்க வேண்டும். துடிக்கவில்லை. கேட்டைத் தாண்டியதும்தான் துடிப்பு.

இஸ்ரேலில் புகைப் பழக்கமுள்ள விமானப் பணியாளர்களிடம் இதையே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரே ஆட்கள், சில நாள் குறுகிய பயணம், சில நாள் நீண்ட பயணம். பயணம் முழுக்கப் புகைக்க முடியாது. எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதைவிட, தரையிறங்க எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைப் பொறுத்தே ஆசை ஏறியது. குறுகிய பயணத்தில் இறங்கப்போகும் நேரத்தில் எகிறிய ஆசை, நீண்ட பயணத்தில் அதே மணி நேரத்தில் அவ்வளவாக இல்லை. நீண்ட பயணமும் முடியப்போகிறது என்றபோது அங்கேயும் அதே அளவுக்கு ஏறிவிட்டது.

கிடைக்கவே கிடைக்காது என்று தெரிந்த இடத்தில் மூளை கேட்பதில்லை. கிடைக்கும் வாசல் தெரிந்தால் கேட்கும். உங்களுக்கு அந்த வாசல் கம்பெனி கேட். கடைசியாகப் பிடித்து ஒரு வாரம் ஆகிவிட்டது, அந்தச் சிகரெட்டின் நிகோடின் ரத்தத்தை விட்டுப் போய்ப் பல நாள் ஆயிற்று. முதல் சில வாரத்துக்கு மூளை அந்தக் குறையை ஈடுகட்டத் தடுமாறும் என்பது வேறு. ஆனால் உங்களைப் பெட்டிக்கடைக்கு இழுப்பது முக்கியமாக இந்த வாசல்தான். 31 வருடத்தில் சுமார் இரண்டேகால் லட்சம் சிகரெட். ஒன்றுக்குப் பத்து இழுப்பு என்றால் இருபத்திரண்டு லட்சம் முறை, புகை உள்ளே போன பத்துப் பதினைந்து விநாடியில் மூளைக்கு ஒரு பரிசு போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்தக் கேட்டும், டீக்கடையும், கடை வாசலில் தொங்கும் கயிற்று நெருப்பும் அந்தப் பரிசோடு சேர்த்துத்தான் பதிந்திருக்கின்றன. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். உங்கள் கால் கடைக்குத் தானாகப் போவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

அதனால் “மனசை அடக்குங்கள்” என்று நான் சொல்லப்போவதில்லை. அந்தக் கேட்டின் விதியை வெளியேயும் கொஞ்சம் நீட்ட முடியுமா என்று பார்ப்போம். கம்பெனிக்குள் நீங்கள் மனதோடு சண்டை போடவில்லை. அங்கே சிகரெட் இல்லை, அவ்வளவுதான். வெளியே வந்ததும்தான் “ஒன்று அடிக்கலாமா, வேண்டாமா” என்ற பேச்சுவார்த்தை தொடங்குகிறது. 19 நாளாக உங்களைக் களைக்க வைப்பது அந்தப் பேச்சுவார்த்தை.

கேட்டுக்கு வெளியே வரும் முதல் பத்து நிமிடத்துக்கு மட்டும் கறாராக ஓர் ஏற்பாடு செய்யுங்கள். அந்தப் பெட்டிக்கடை இல்லாத வழியாக வண்டியைத் திருப்புங்கள், சுற்றுவழியானாலும் பரவாயில்லை. கம்பெனி பஸ் என்றால் நேராக ஏறி உட்கார்ந்துவிடுங்கள். வாயில் போட ஏதாவது ஒன்று கேட்டுக்கு உள்ளேயே கையில் தயாராக இருக்கட்டும்: கிராம்பு, வறுத்த வேர்க்கடலை, நெல்லிக்காய், எது பிடிக்குமோ அது. பாக்கெட்டில் உதிரிச் சிகரெட் ஒன்று வாங்கும் சில்லறைகூட இல்லாமல் ஒரு மாதம் போய்வாருங்கள். செல்போனிலேயே பணம் கொடுத்துவிடலாம்தான். ஆனால் ஒற்றைச் சிகரெட்டுக்குப் போனை எடுத்து, ஸ்கேன் செய்து, நம்பர் போடுவதற்குள் புத்தி ஒருமுறை குறுக்கே வரும். எனக்கு அந்த அரை நிமிடம் போதும். அப்புறம் கணக்குத் தீர்க்காமல் ஏதாவது கடை இருந்தால், வேறு யாரையாவது அனுப்பித் தீர்த்துவிடுங்கள்.

ஆசை அலைபோல எழும்போது கடிகாரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் ஐந்து நிமிடம், மிஞ்சினால் பத்து நிமிடத்தில் அது இறங்கிவிடும். சிகரெட் பிடித்தாலும் இறங்கும், பிடிக்காவிட்டாலும் இறங்கும். இது உங்களுக்குத் தெரியாமல் இருந்ததற்குக் காரணம், 31 வருடத்தில் அதை ஒருமுறைகூடத் தானாக இறங்க விட்டதில்லை. தானாக இறங்கும் ஒவ்வொரு தடவையும், அந்த இடத்துக்கும் சிகரெட்டுக்கும் இருக்கும் முடிச்சு கொஞ்சம் தளர்கிறது. மாறாக, ஐந்து தடவை மறுத்து ஆறாவது தடவை கொடுத்தால், விடாமல் கேட்டால் கிடைக்கும் என்று மூளை கற்றுக்கொள்ளும். உங்கள் நண்பர் சொல்லும் ‘நாளைக்கு இரண்டு’ யோசனை எனக்குப் பிடிக்காதது இதனால்தான். அந்த இரண்டு எப்போது வரும் என்று நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டும். நாளெல்லாம் கேட் வாசலிலேயே நிற்பது மாதிரி. ஒரே அடியாக விடுவதால் உடம்புக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை, குறைத்துக் குறைத்து விடுகிறவர்களைவிட ஒரு நாள் குறித்து மொத்தமாக விடுகிறவர்கள்தான் அதிகம் தேறுகிறார்கள். பீடிக்கு மாறுவது, வாயில் ஒதுக்கும் புகையிலைக்கு மாறுவது என்ற யோசனைகளும் வரும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சூயிங்கம்மை நீங்கள் தவறாக மென்றிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தவறு உங்களுடையது இல்லை, கடையில் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. சாதாரண சூயிங்கம் மாதிரி மென்று எச்சிலை விழுங்கினால் நிகோடின் வயிற்றுக்குப் போய் விக்கலும் எரிச்சலும்தான் வரும். மெதுவாகச் சில தடவை மெல்லுங்கள். மிளகு மாதிரி காரமோ சுறுசுறுப்போ தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். சுறுசுறுப்பு அடங்கியதும் மறுபடி சில தடவை மெல்லுங்கள், இடம் மாற்றி ஒதுக்குங்கள். ஒரு கம் அரை மணி நேரம் வரும். அதைப் போடுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்து டீ, காபி, ஜூஸ் எதுவும் கூடாது. குடித்தால் வாயில் நிகோடின் ஏறாது. டீயோடு சேர்த்தே மென்றிருந்தால் அது வேலை செய்யாததில் வியப்பில்லை.

எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் பற்றவைக்கிறவர்களுக்கு 2 மில்லிகிராம் பெரும்பாலும் போதாது, 4 தேவைப்படும். தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையை நாள் முழுக்க ஒட்டிக்கொண்டு, கேட் நேரத்துக்கு மட்டும் கம் போடுவது இரண்டில் ஒன்றைத் தனியாகப் பயன்படுத்துவதைவிட நன்றாக உதவும். வரெனிக்ளின் என்று ஒரு மாத்திரையும் உண்டு, வழக்கமாகப் பன்னிரண்டு வாரம் சாப்பிட வேண்டும். இவற்றில் எது உங்களுக்கு என்பதை ஈசிஜி பார்த்த பிறகு உங்கள் டாக்டர் முடிவு செய்யட்டும். நிகோடினைப் புகையோடு வாங்குவதும் கம்மில் வாங்குவதும் ஒன்றில்லை. தாரும் கார்பன் மோனாக்சைடும் கம்மில் கிடையாது. கல்லீரலைக் கிளறிவிட்டதும் அந்தப் புகைதான், நிகோடின் இல்லை.

இனி முள்ளோடை, அதாவது பாண்டிச்சேரி எல்லை. நம்மூர்க்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. எல்லையைத் தாண்டினால் சரக்கு விலை குறைவு, வார லீவுக்கு நாலு பேர் சேர்ந்து போவது ஒரு பழக்கம். விட்டவர்கள் மறுபடி விழுகிற இடங்களில் மதுவுக்கு மேலே எதையும் நான் வைக்க மாட்டேன். இரண்டு பெக் உள்ளே போனால் ‘வேண்டாம்’ என்று சொல்கிற ஆள் முதலில் தூங்கிவிடுகிறார். உங்கள் 12-ஆம் நாள் அப்படித்தான் போயிற்று. மூன்று மாதத்துக்கு அந்தப் பயணம் வேண்டாம். நண்பர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை, அவர்களைத் தேவனாம்பட்டினத்துக்குக் கூப்பிடுங்கள், வெள்ளிக் கடற்கரையில் உட்கார்ந்து பேசுங்கள். சாயங்காலக் கடற்கரையிலும் பக்கத்தில் ஒருவர் பற்றவைக்கத்தான் செய்வார். ஆனால் நிதானமாக இருக்கும்போது எழுந்து நாலடி தள்ளி உட்கார முடியும்.

அந்த இரண்டு சிகரெட்டுக்காகக் கணக்கைப் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் ‘இன்றோடு 19 நாள்’ என்று நீங்களே எண்ணியிருக்கிறீர்கள், எனக்கும் அது சரிதான். மறுநாள் நிறுத்தினீர்களே, அது எல்லோராலும் முடிகிற காரியம் இல்லை. பெரும்பாலும் ஒன்று, பாக்கெட்டில்தான் போய் முடியும். அதே அதிர்ஷ்டம் இன்னொரு முறை கிடைக்கும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

எரிச்சல் முதல் வாரத்தில் உச்சத்தில் இருந்து, ஒரு மாதத்துக்குள் பெருமளவு அடங்கும். உங்களுக்கு டீயும் மாத்திரையும் சேர்ந்து அதைக் கூட்டியிருக்கலாம். இந்தப் பக்கத்தை அப்படியே மனைவியிடம் படிக்கக் கொடுங்கள். அவர் கோபத்தில் சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போய்விடாதீர்கள், அது நாம் தேடிக்கொண்டிருக்கும் சாக்கு.

இந்த வயதில் விட்டு என்ன ஆகும் என்கிறீர்கள். பிரிட்டனில் மருத்துவர்களையே ஐம்பது வருடம் தொடர்ந்து கவனித்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், 50 வயதில் விட்டவர்கள் விடாதவர்களைவிடச் சுமார் ஆறு வருடம் கூடுதலாக வாழ்ந்தார்கள். சிகரெட்டால் கூடிய மாரடைப்பு ஆபத்து ஒரு வருடத்திலேயே ஏறக்குறைய பாதியாகும். நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பாதியாகப் பத்து வருடம் பிடிக்கும். இளைப்பு முழுக்கப் போய்விடும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், ஆனால் மேலும் கெடுகிற வேகம் குறையும்.

ஆசை என்றைக்காவது போகுமா? தினமும் பலமுறை வருவது, வாரம் ஒருமுறையாகி, அப்புறம் மாதக்கணக்கில் எட்டிப்பார்க்காது. அடியோடு அழியும் என்று சொன்னால் பொய். என்னிடம் வந்த ஒரு மீன் வியாபாரி விட்டு இரண்டு வருடம் ஆனவர். 2011 டிசம்பர் 30 தானே புயலில் கூரை போய், நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருட்டில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் நீட்டிய ஒன்றை வாங்கிவிட்டார். நாலு மாதம் கழித்துத்தான் மறுபடி நிறுத்த முடிந்தது. புயல், எழவு வீடு, ஆஸ்பத்திரி வாசல், இந்த மூன்று இடத்திலும் வருடம் கழித்தும் ஆசை வரும். வந்தால் பழைய பழக்கம் திரும்பிவிட்டது என்று பயப்பட வேண்டாம், அதுவும் பத்து நிமிடம்தான்.

ராத்திரி தனியாகத் தவிக்கும் நேரத்துக்கு முன்பே, பகலிலேயே ஒருமுறை 1800-11-2356 என்ற எண்ணுக்குப் பேசி வையுங்கள். புகையிலையை விடுவதற்கான அரசு இலவசத் தொலைபேசி, தமிழிலும் பேசலாம். 2018-லிருந்து உங்கள் பாக்கெட்டின் மேலேயே அச்சிட்டிருந்த எண்தான்.

மாத்திரை, ஈசிஜி, சளிப் பரிசோதனை மூன்றும் இந்த வாரமே முடியட்டும். ஞாயிற்றுக்கிழமை வண்டி ஏறும் நேரத்தில் நண்பர்களிடம் மறுப்பது கஷ்டம். இன்றைக்கே போன் செய்து “மூணு மாசம் நான் வரலப்பா” என்று சொல்லிவிடுங்கள். டாக்டர் மாத்திரை அளவை என்ன செய்தார், தூக்கம் வந்ததா என்று எனக்கு எழுதுங்கள்.